வீட்டு டிவிடி பிளேயரில் ஒழுங்காக ஓடும் வீடியோ டிஸ்க் எழுதுவது எப்படி

கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்துவிடுகிறார். ஊரில் தாத்தா பாட்டி வீட்டில் இருப்பதோ பத்துப் பதினைந்து வருடப் பழைய டிவிடி பிளேயர். பென்டிரைவில் உள்ள எம்பி4 ஃபைலை அப்படியே ஒரு வெற்று டிஸ்க்கில் காப்பி செய்து கொடுத்தால், பிளேயர் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். அதே டிஸ்க் லேப்டாப்பில் அழகாக ஓடும். டிஸ்க்கிலும் கோளாறு இல்லை, பிளேயரிலும் கோளாறு இல்லை. நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது.

டிவிடி பிளேயர் முதன்முதலில் கடைக்கு வந்தது 1996 நவம்பரில், ஜப்பானில். அன்று வகுத்த விதிகளின்படி இருக்கும் டிஸ்க்கைத்தான் இன்றைய பிளேயரும் எதிர்பார்க்கிறது. அதன் சிப்புக்குத் தெரிந்த வீடியோ எம்பெக்-2. செல்போனும் கேமராவும் எடுக்கும் எச்.264, எச்.265 வீடியோவை அதனால் பிரித்துப் படிக்கவே முடியாது. முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை உள்ள பிளேயர்கள் பழைய ஏவிஐ ஃபைல்களை ஓட்டும். எச்டி எம்பி4 அவற்றுக்கும் பெரும்பாலும் முடியாது.

ஆகவே வேலை இரண்டு. வீடியோவை டிவிடி விதிப்படி மாற்றி அடுக்குவது ஒன்று, இதை ஆத்தரிங் என்பார்கள். அடுக்கியதை டிஸ்க்கில் எழுதுவது இன்னொன்று, அது பர்னிங். இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே பட்டனில் இரண்டையும் முடித்துத் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் டிஸ்க் ஓடாதபோது தவறு எந்தப் பாதியில் நடந்தது என்று அதில் கண்டுபிடிக்க முடியாது.

பிளேயர் எதிர்பார்ப்பது

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் பி.ஏ.எல். என்ற டிவி முறையைச் சேர்ந்த நாடுகள். அங்கே படம் 720×576 பிக்சல், நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. வகை: 720×480, நொடிக்கு 29.97 ஃபிரேம். நம்மூரில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும். அமெரிக்காவில் வாங்கிய பிளேயர்களில் பல பி.ஏ.எல். டிஸ்க்கைத் தொடாது. டெக்சாஸில் இருக்கும் சித்தப்பாவுக்கு அனுப்பும் பிரதியை என்.டி.எஸ்.சி.யாகத் தனியாகச் செய்துவிடுங்கள். எந்த நாட்டுப் பிளேயரில் ஓடலாம் என்று பூட்டும் ரீஜன் கோடு பற்றிக் கவலை வேண்டாம், வீட்டில் எழுதும் டிஸ்க்கில் அந்தப் பூட்டு போடப்படுவதில்லை.

ஒலி ஏசி-3 வகையில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஸ்டீரியோவுக்கு 192 அல்லது 224 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) போதும். செல்போன் வீடியோவில் இருக்கும் ஏஏசி ஒலியை டிவிடி விதிகள் ஏற்பதில்லை. எம்பி3 பாட்டுகளில் வழக்கமாக இருக்கும் 44.1 கிலோஹெர்ட்ஸையும் ஏற்பதில்லை. இவை இருந்தால் படம் ஓடி ஒலி வராமல் போகும்.

முடிவில் டிஸ்க்கின் முதல் அடுக்கிலேயே, வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் சிக்காமல், ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘வீடியோ_டிஎஸ்’ (VIDEO_TS) என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் படமும் ஒலியும் சேர்ந்த விஓபி ஃபைல்கள், ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல். எது எங்கே தொடங்குகிறது என்று பிளேயருக்கு வழிகாட்டும் ஐஎஃப்ஓ ஃபைல்கள், அவற்றின் நகலான பியூபி ஃபைல்கள். இவற்றைக் கையால் செய்ய வேண்டியதில்லை, மென்பொருள் செய்து தரும். ஆனால் இந்த ஃபோல்டரை ‘அக்கா கல்யாணம்’ என்று இன்னொரு ஃபோல்டருக்குள் போட்டு எழுதினால் பிளேயர் தேடிப் போகாது. ஓடாத டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தால் அடிக்கடி கண்ணில் படும் தவறு இதுதான்.

பிட்ரேட் கணக்கு

டிஸ்க் உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும், விண்டோஸ் 4.37 ஜிபி என்று காட்டும். ஏமாற்று வேலை இல்லை. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024, 1024ஆக எண்ணுகிறது.

அந்த இடத்தை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. வெளி விளிம்பில்தான் டிஸ்க்கின் கோணல் அதிகம், சாயப் பூச்சின் தரம் குறைவு, விரல் ரேகை படுவதும் அங்கேதான். படத்தின் கடைசிக் கால் மணி நேரத்தை அந்த இடத்தில் வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 4.5 ஜிபியோடு, அதாவது விண்டோஸ் கணக்கில் 4.2 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4.5 ஜிபி என்பது 3.6 கோடி கிலோபிட். இதைப் படத்தின் மொத்த நொடிகளால் வகுத்தால் ஒரு நொடிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று கிடைக்கும், அதுதான் பிட்ரேட். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி: 3.6 கோடியை 7,200ஆல் வகுக்க 5,000 கேபிபிஎஸ். இதில் ஒலிக்கு 224 கழித்தால் 4,776. படத்தையும் ஒலியையும் பின்னும்போது கொஞ்சம் இடம் போகும், அதற்காக இன்னும் 3 அல்லது 4 சதவீதம் விட்டு 4,600 என்று வையுங்கள். இதே கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்கு 6,200, மூன்று மணி நேரத்துக்கு 3,000 வரும்.

ஒரு மணி நேரப் படத்துக்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்ட 10,000 என்று காட்டும். அதை நம்பி வைத்துவிடக் கூடாது. டிவிடியில் வீடியோவின் உச்சவரம்பு 9,800 கேபிபிஎஸ். ஒலி, சப்டைட்டில் எல்லாம் சேர்ந்தால் 10,080. கடையில் விற்கும் அச்சடித்த டிஸ்க்கை விட வீட்டில் எழுதிய டிஸ்க் மங்கலாகப் பிரதிபலிக்கும். அதிலிருந்து இவ்வளவு வேகமாகப் படிப்பது பழைய பிளேயருக்குத் திணறல். சராசரி எதுவானாலும் உச்சத்தை 8,000க்கு மேல் விடாதீர்கள். நாதஸ்வரக்காரர்கள் மேல் பூ மழை தூவும் காட்சி, மின்னும் சீரியல் லைட், பட்டாசு, இந்த மாதிரி இடங்களில்தான் பிட்ரேட் எகிறும். படம் அங்கேதான் நிற்கும்.

3,000க்குக் கீழே போனால் ஆட்கள் அசையும்போது கட்டம் கட்டமாகத் தெரியும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் திணிப்பதை விட முகூர்த்தம் ஒன்றிலும் வரவேற்பு ஒன்றிலுமாகப் பிரிப்பது நல்லது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிஸ்க் உண்டு. ஆனால் அடுக்கு மாறும் இடத்தில் பழைய பிளேயர்கள் தடுமாறுகின்றன, டிஸ்க் விலையும் அதிகம். எங்கள் பரிந்துரை எப்போதும் இரண்டு ஒற்றை அடுக்கு டிஸ்க்குகள்தான்.

டிவிடிஸ்டைலரில் அடுக்குவது

விண்டோஸ் விஸ்டாவிலும் 7லும் கூடவே வந்த டிவிடி மேக்கரை விண்டோஸ் 8இலிருந்து நீக்கிவிட்டார்கள். இலவசமாகக் கிடைப்பவற்றில் டிவிடிஸ்டைலர் இந்த வேலைக்குப் போதுமானது, லினக்ஸிலும் ஓடும். இப்படிப்பட்ட இலவச மென்பொருள்களை நிறுவும்போது கூடவே வேறு எதையாவது நிறுவவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

முதலில் மூல வீடியோவைக் கவனியுங்கள். ஸ்டுடியோ கேமரா சீராக 25 ஃபிரேம் எடுக்கும், அதை நேராகப் பயன்படுத்தலாம். செல்போன் அப்படியில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதை அப்படியே மாற்றினால் ஆரம்பத்தில் சரியாக இருக்கும் ஒலி, அரை மணி நேரம் போனதும் உதட்டசைவை விட்டு விலகிவிடும். அதனால் செல்போன் ஃபைலை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை 25 என்றும் ‘கான்ஸ்டன்ட்’ என்றும் வைத்து, உயர்ந்த தரத்தில் ஒருமுறை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்பிரேக் டிவிடி ஃபோல்டர் செய்யாது, இந்தச் சீரமைப்புக்கு மட்டும்தான் அது.

டிவிடிஸ்டைலரில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே டிஸ்க் அளவு 4.7 ஜிபி, வீடியோ பி.ஏ.எல்., விகிதம் 16:9, ஒலி ஏசி-3 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். பிட்ரேட்டைத் தானாகக் கணக்கிட விட்டால் டிஸ்க்கை முழுதாக நிரப்பப் பார்க்கும், மேலே போட்ட கணக்கின் எண்ணைக் கையால் கொடுங்கள். வீடியோவைக் கீழே உள்ள வரிசையில் இழுத்துப் போட்டு, அதன் பிராப்பர்ட்டீஸில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாப்டர் வையுங்கள். தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டிப் போகப் பாட்டி ரிமோட்டில் ‘நெக்ஸ்ட்’ பட்டனைத்தானே அமுக்குவார்.

பழைய டேப் கேமராவில் எடுத்த வீடியோ என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரு பாதியாக இருக்கும். டிஜிட்டல் வீடியோ (DV) கேமரா டேப்பில் கீழ்ப்பாதி, அதாவது இரட்டை வரிகள், முதலில் வரும்; பிற்கால எச்டி கேமராக்களில் மேல்பாதி, அதாவது ஒற்றை வரிகள், முதலில். வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் நடப்பவர்கள் முன்னும் பின்னுமாக உதறுவது போலத் தெரியும். கம்ப்யூட்டர் திரையில் இது அவ்வளவாகத் தெரியாது, டிவியில் கண்ணை உறுத்தும்.

எல்லாம் அமைத்த பிறகு ‘பர்ன்’ அழுத்தியதும் வரும் பெட்டியில், டிஸ்க்கில் எழுது என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ஐஎஸ்ஓ இமேஜ் உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள், டிஸ்க் முழுவதும் ஒரே ஃபைலாகக் கிடைக்கும். ஹார்டுடிஸ்க்கில் குறைந்தது 15 ஜிபி காலியாக இருக்கட்டும். ஃபைல், ஃபோல்டர் பெயர்களை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டால் பாதி வழியில் நிற்கும் தொல்லை குறையும். கிடைத்த ஐஎஸ்ஓவை கம்ப்யூட்டரில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் ஓட்டி மெனு, சாப்டர், ஒலி எல்லாவற்றையும் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: வி.எல்.சி. விதி மீறிய ஃபைலையும் மன்னித்து ஓட்டிவிடும். அங்கே ஓடாவிட்டால் நிச்சயம் தவறு இருக்கிறது. அங்கே ஓடினால் பிளேயரிலும் ஓடும் என்று அர்த்தமில்லை.

மெனுவிலும் சப்டைட்டிலிலும் தமிழ்

டிவிடி மெனுவில் உள்ள எழுத்து பிளேயருக்கு எழுத்தே அல்ல, படம். சப்டைட்டிலும் அப்படித்தான். அதனால் எந்த நாட்டுப் பிளேயரிலும் தமிழ் தெரியும், பிளேயரில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. ஆனால் 576 வரிகளுக்குள் தமிழை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு, புள்ளி. மெல்லிய எழுத்துருவில் ‘வரவேற்பு’ என்று போட்டு டிவியில் பார்த்தால் ற்-இன் புள்ளி கரைந்து ‘வரவேறபு’ என்று நிற்கும். சப்டைட்டிலில் ஒரு நேரத்தில் நான்கு நிறங்களுக்கு மேல் கிடையாது என்பதால் ஓரங்களை மென்மையாக்கவும் வழியில்லை, அங்கே இது இன்னும் மோசம். தடித்த எழுத்துரு எடுங்கள். எழுத்தின் உயரம் 30 பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுங்கள்.

சில ஆத்தரிங் மென்பொருள்கள் கொம்பை எழுத்துக்குப் பின்னால் தள்ளிவிடும், ‘கொ’ சிதறிப்போகும். அப்படி வந்தால் சண்டை போட வேண்டாம். மெனு முழுவதையும் ஜிம்ப் போன்ற படம் வரையும் மென்பொருளில் 1024×576 அளவில் எழுத்தோடு வரைந்து, 720×576ஆகக் குறுக்கி, பின்னணிப் படமாக வைத்து, மேலே வெறும் பட்டன்களை மட்டும் பொருத்துங்கள். குறுக்கிய படத்தில் எழுத்து ஒல்லியாகத் தெரியும், 16:9 டிவியில் சரியாக விரியும். பழைய குழாய் டிவி படத்தின் ஓரங்களை விழுங்கிவிடும் என்பதால் நாலு பக்கமும் பத்தில் ஒரு பங்கு இடம் விட்டு, அதற்குள் பட்டன்களை வையுங்கள்.

வெற்று டிஸ்க்

பழைய பிளேயருக்கு டிவிடி மைனஸ் ஆர் பாதுகாப்பானது. பிளஸ் ஆர் 2002இல்தான் வந்தது, அதற்கு முந்தைய வடிவமைப்புகள் சில அதை அடையாளம் கண்டுகொள்வதில்லை. பிளஸ் ஆர்தான் கையில் இருக்கிறது என்றால், டிரைவ் அனுமதித்தால், எழுதும் முன் புக்டைப்பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பை, டிவிடி-ரோம் என மாற்றலாம், அது கடையில் விற்கும் அச்சடித்த டிஸ்க்கின் அடையாளம். பிளேயர் அதை நம்பி ஏற்கும். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் அச்சடித்ததில் பாதியளவு கூட ஒளியைத் திருப்பி அனுப்பாது. உங்கள் பிளேயர் அதைப் படிக்கிறது என்று தெரிந்தால் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் கொடுப்பதற்கு அது ஆகாது.

வெற்று டிஸ்க்கின் தகவல் பதியும் இடம் ஒரு கரிமச் சாயப் பூச்சு. வெயிலிலும் ஈரப் புழுக்கத்திலும் அது கெடும், எழுதாமல் வைத்திருந்தாலும் கெடும். கடை மூலையில் வருடக்கணக்காகக் கிடந்த டிஸ்க் கட்டை மலிவு என்று வாங்காதீர்கள். வெற்று டிஸ்க் தயாரித்த மோசர் பேயர் கம்பெனியைக் கலைக்க 2018இல் உத்தரவானது. அந்தப் பெயரில் இன்றும் கடையில் கிடைக்கும் வெற்று டிஸ்க் பெரும்பாலும் பழைய இருப்பாகத்தான் இருக்கும்.

எழுதும்போது

விண்டோஸில் வெற்று டிஸ்க் போட்டதும் ‘யுஎஸ்பி டிரைவ் மாதிரியா, சிடி டிவிடி பிளேயரோடா’ என்று கேட்கும் பெட்டி வரும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை, அது எம்பி4ஐ எம்பி4ஆகவே எழுதும். அந்தப் பெட்டியை மூடிவிட்டு, டிஸ்க் எழுதும் மென்பொருளான இம்க்பர்னைத் (ImgBurn) திறங்கள். ‘ரைட் இமேஜ் ஃபைல் டு டிஸ்க்’ என்பதில் ஐஎஸ்ஓவைக் காட்டி, ‘வெரிஃபை’யை டிக் செய்து, வேகத்தை 8எக்ஸ் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ இல்லாமல் ஃபோல்டராக இருந்தால் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை மட்டும் கொடுங்கள். ஃபைல் சிஸ்டத்தை யுடிஎஃப் 1.02, ஐஎஸ்ஓ 9660 இரண்டும் சேர்ந்ததாக மாற்றவா என்று கேட்டால் சம்மதியுங்கள், பிளேயர் படிப்பது அந்த யுடிஎஃப் பதிப்பைத்தான்.

எவ்வளவு மெதுவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது பழைய டிஸ்க்குகளின் காலத்துப் பேச்சு. 16எக்ஸ் டிஸ்க்கின் சாயம் வேகமான எழுத்துக்கென்றே செய்யப்பட்டது. 8எக்ஸில் முழு டிஸ்க் எட்டு நிமிடம் போல எடுக்கும், அது நடுநிலையான வேகம். 8எக்ஸில் தகராறு செய்தால் 4எக்ஸ், அதற்கும் கீழே போவதில் பயனில்லை. 16எக்ஸில் எழுதவே எழுதாதீர்கள், வெளி விளிம்பில் டிஸ்க் அதிர்வது எழுத்தில் தெரியும்.

லேப்டாப்போடு இணைக்கும் மெல்லிய வெளி டிரைவுக்கு எழுதும் நேரத்தில் மின்சாரம் கூடுதலாக வேண்டும். சாதாரண யுஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். ஹப்பில் செருகாமல் நேராகச் செருகுங்கள். இரட்டைத் தலை வயர் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். நடுவில் அறுந்துபோகும் எழுத்துக்குப் பாதிக் காரணம் இது.

பத்து நிமிடச் சின்ன வீடியோ என்றால் இன்னொரு கவனம். 1 ஜிபிக்கும் குறைவாக எழுதிய டிஸ்க்கைச் சில பிளேயர்கள் படிக்கத் திணறும். பிட்ரேட்டை 8,000 வரை ஏற்றுங்கள், போதாவிட்டால் புகைப்படங்களைப் பாட்டோடு கோத்து இன்னொரு வீடியோவாகச் சேருங்கள்.

ஓடாதபோது

இரண்டு பிரதி எழுதி ஒரே பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் ஒரே காட்சியில் நின்றால் தவறு ஆத்தரிங்கில், அநேகமாகப் பிட்ரேட் உச்சத்தில். வெவ்வேறு இடத்தில் நின்றால் டிஸ்க்கிலோ எழுத்திலோ. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் பிளேயரின் செட்டப்பில் டிவி வகையை ‘ஆட்டோ’ என்று மாற்றுங்கள். மணமக்கள் ஒல்லியாக நெடுநெடுவென்று தெரிந்தால் 16:9 படம் 4:3 என்று குறிக்கப்பட்டிருக்கிறது, அல்லது பிளேயரில் டிவி வடிவம் தவறாக இருக்கிறது. கடையில் வாங்கிய படங்களும் அந்தப் பிளேயரில் திக்கினால் லென்ஸில் தூசி. மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள், ஒரு பக்கம் கனம் கூடி டிஸ்க் ஆடும், ஈரத்தில் சுருங்கி வளைக்கவும் செய்யும். நீர் மை மார்க்கரால் எழுதினால் போதும்.

முதல் டிஸ்க்கை அது ஓட வேண்டிய பிளேயரிலேயே தொடக்கம் முதல் கடைசி வரை, வேகமாக ஓட்டாமல், ஒருமுறை பாருங்கள். கடைசிப் பத்து நிமிடம் சுத்தமாக ஓடினால் அதே ஐஎஸ்ஓவிலிருந்து, அதே டிஸ்க் கட்டிலிருந்து, அதே வேகத்தில் மற்றப் பிரதிகளை எழுதிக்கொள்ளலாம்.